பிடித்துக்கொள்ள ஒரு விரல்

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தக் கோவிலுக்கு வரும் தாய்மார்களுக்கு அதன் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மனின் இடக்கையில் சுண்டுவிரல் இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் கோவிலில் பூக்கட்டுபவரின் ஆறு வயது மகள் காய்ச்சலில் அனலாய்க் கிடந்தாள். பெற்றவள் வேலைக்குப் போயிருந்தாள். அம்மன் பீடத்தை விட்டிறங்கி வந்து அருகில் அமர்ந்தாள். குழந்தை அவளுடைய சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டு உறங்கிவிட்டது. பொழுது புலர்ந்தது, பூசைக்கு நேரமாயிற்று. விரலை உருவினால் குழந்தை விழித்துக்கொள்ளும். அம்மனுக்கு அதற்கு மனம் வரவில்லை. விரலைக் குழந்தையின் கையிலேயே விட்டுவிட்டு, ஒன்பது விரல்களோடு திரும்பி வந்து பீடத்தில் நின்றுகொண்டாள்.

முன்னொரு காலம் என்பது சரியாக முப்பத்தோராண்டுகளுக்கு முன்பு. அந்தப் பூக்கட்டுபவர் இன்னும் கோவிலின் உள்வாசலை ஒட்டிய மரப்பலகையில் அமர்ந்து மாலை கட்டிக்கொண்டுதான் இருந்தார். மனைவி காலமாகிவிட்டாள். மகள் இரண்டு தெரு தள்ளித் தையற்கடை வைத்திருந்தாள். ‘விரல்காரி’ என்றால் அவளைத் தெரியாதவர் இல்லை. தங்கள் பிள்ளைகளின் முதல் சட்டையை அவள் கையால்தான் தைக்க வேண்டும் என்று பல தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் கோவில் ஒரு காலத்தில் துணிக் கிடங்காக இருந்த கட்டடம். கருவறை என்று தனியறை கிடையாது. நீண்ட கூடத்தின் கோடியில், நாலடி உயரக் கருங்கல் சிலையாக, வலக்கையில் மலரேந்தி இடக்கையைத் தொங்கவிட்டு அம்மன் நின்றாள். தாய்மார்கள் வரிசையாக வந்து, குழந்தையின் கையை எடுத்து, விரல் இருந்த இடத்து மொட்டைக் கல்லைப் பிடிக்கவைப்பார்கள். அங்கே அதற்குத் தடையில்லை. எத்தனையோ சூடான சின்னக் கைகள் பட்டுப்பட்டு அந்த இடம் வழவழப்பாகி மின்னியது.

கூட்டம் பெருகவே, அடுத்த தெருவில் புதிய மண்டபம் எழும்பியது. அம்மனை அங்கே நிலைநிறுத்த ஒரு சிற்பியை அழைத்து வந்தார்கள். ஒல்லியான மனிதர், புருவத்தில்கூடக் கல்தூள் ஒட்டியிருந்தது. சிலையைச் சுற்றி வந்தார். விரல் கணுவால் மூன்று இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு இடக்கையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“நல்ல சிலைங்க. தட்டினா மணி மாதிரி பேசுது. ஆனா புதுப் பீடத்துல இதை நிறுத்த என்னால முடியாது. விரல் போயிருக்கு.”

“போகலீங்க, குடுத்தது” என்றார் கோவில் தலைவர். அவர் இரும்புச் சாமான் கடைக்காரர். எதையும் எடைபோட்டே பேசுகிறவர், இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுக்கும். அன்றும் தழுதழுத்தது. கதையைச் சொல்லி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சிற்பி குறுக்கே பேசாமல் கேட்டார். “எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. மனுஷன் கைபட்டு ஊனமான சிலையை நாங்க பீடத்துல ஏத்த மாட்டோம். புதுசா ஒண்ணு முழுசாச் செஞ்சு ஏத்திட்டு, பழசை ஆத்துல விட்டுடுவோம். தெய்வமே தன்னைத்தானே இப்படி ஆக்கிக்கிட்டதுன்னா, அதுல உளி படக்கூடாது, அப்படியே ஏத்தணும். எதுன்னு முடிவு பண்றது நான் இல்லை. நேர்ல அறிஞ்சவர் ஒருத்தர் அம்மன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். அவர் என்ன சொல்றாரோ அதுதான். அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்க மாட்டேன்.”

“ஏன், கல்லைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியாதா?” என்றார் பூசாரி. பழைய பூசாரியின் மகன். எல்லாவற்றிலும் கொஞ்சம் ஐயப்படுகிறவர்.

“உடைஞ்ச புதுசுல பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப கூழாங்கல்லாட்டம் ஆயிருச்சு. குழந்தைங்க எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க.”

தலைவர் சிரித்தார். “சாட்சி தூரத்துல இல்லீங்க. உங்க முதுகுக்குப் பின்னாடிதான் சாமந்தி கட்டிக்கிட்டிருக்கார். அம்மன் யார் கனவுல வந்து சொன்னாளோ அவரேதான். வர வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு எல்லாரையும் கூட்டிடலாம். என்னங்க பெரியவரே, சொல்லிடுவீங்கல்ல?”

பூக்கட்டுபவர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுக் கையிலிருந்த சரத்தைப் பார்த்தார். சாண் நீளத்துக்குப் பூவெல்லாம் உள்பக்கம் பார்க்கக் கட்டியிருந்தது. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு பிழை அவருக்கு நேர்ந்ததில்லை.

ஏனென்றால், அம்மன் விரலை யாருக்கும் கொடுக்கவில்லை. அவர்தான் உடைத்தார்.

அன்று மகளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். மனைவி மருத்துவமனையில் ஆயா வேலையில் இருந்தாள். மகளின் பக்கத்தில் கண்மூடாமல் உட்கார்ந்திருந்தவர், விடியும் வேளையில் கோவிலுக்கு ஓடி வந்தார். தூக்கம் இமையில் மணலைப்போல் கனத்தது. முக்காலியில் ஏறி, பூவில் தெளிக்கும் பித்தளைச் செம்பைச் சிலைக்குப் பின்னால் வளைந்து நின்ற திருவாசியின் விளிம்பில் வைத்துவிட்டு, மாலையைச் சாத்தக் கையை நீட்டினார். செம்பு சரிந்தது. நிறைசெம்பு நேராக அம்மனின் இடக்கையில் விழுந்து, சுண்டுவிரல் தெறித்துத் தரையில் உருண்டது. அதை அவர் மடியில் சொருகிக்கொண்ட அதே கணத்தில் பழைய பூசாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்னப்பா இது? விரல் எங்கே?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது கதை. கண்ணயர்ந்தேன், கனவில் அம்மன் வந்தாள், குழந்தை விடவில்லை, எழுப்ப மனம் வரவில்லை, அங்கேயே விட்டுவிட்டேன் என்றாள் என்று தங்குதடையில்லாமல் வந்தது. பூசாரி கல்நெஞ்சக்காரர் என்று பெயரெடுத்தவர். அப்படியே உட்கார்ந்து அழுதார். அன்று பகலில் மகளுக்குக் காய்ச்சல் தணிந்தது. திரண்டு வந்து பார்த்தவர்கள் குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டு, விரல் உடம்புக்குள் கலந்துவிட்டது, அதனால்தான் சூடு இறங்கிற்று என்றார்கள். அதை அவர் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. கல்விரலை அன்று மாலை பாலத்திலிருந்து ஆற்றில் போட்டார்.

நாளை சொல்லலாம் என்றுதான் அன்று நினைத்தார். நாளை என்பது முப்பத்தோராண்டாக வந்துகொண்டே இருந்தது. இப்போது அது வெள்ளிக்கிழமை என்று தேதி குறித்துக்கொண்டு வந்துவிட்டது. அம்மனின் கையைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டும்; அல்லது உண்மையைச் சொல்லி, அந்தச் சிலையை ஆற்றுக்கு அனுப்ப வேண்டும். ஊர் தன்னை என்ன சொல்லும் என்பதை அவர் ஒருவாறு தாங்கிக்கொள்ளத் துணிந்தார். மகளை நினைத்தால்தான் அந்தத் துணிவு போயிற்று. அம்மன் கைப்பிடித்து உறங்கிய குழந்தை என்பது அவள் பிறந்த வீட்டிலிருந்து எடுத்துப்போன ஒரே நகை. அதைப் பித்தளை என்று தகப்பனே எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை மதியம் தையற்கடைக்குப் போனார். ஓர் இயந்திரமும், வெட்டும் மேசையும், தைத்துத் தேய்த்த துணிகள் தொங்கும் கம்பியும் போக, ஒருவர் உட்கார இடமிருக்கும். மகள் ஒரு ரவிக்கைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள்.

“வாப்பா. வெயில்ல எதுக்கு நடந்து வர்ற? சொல்லி அனுப்பினா நான் வர மாட்டேனா?”

“ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. கால்தான் ஓடுது, காது சும்மாத்தான் இருக்கு.”

அவர் சொன்னார். செம்பு, முக்காலி, மடி, ஆறு என்று எதையும் விடாமல் சொன்னார். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் முடித்த பிறகும் ஒரு கை முழுவதும் தைத்து முடித்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்த பின்தான் அவள் நிமிர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்ப்பா.”

“என்ன தெரியும்?”

“செம்பு தெரியாது. என் கையில இருந்த விரல் யாரோடதுன்னு தெரியும். உன்னோடது. நரம்பு ஏறி, நூல் இழுத்து இழுத்துத் தழும்பு விழுந்த விரல். அம்மனுக்கு அப்படியா இருக்கும்? நீ உருவினப்ப நான் முழிச்சிட்டேன். போகாதப்பான்னு அழுதேன். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு உட்கார வெச்சிட்டு நீ போயிட்டே.”

கடைக்கு வெளியே ஒரு மிதிவண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். தகப்பன் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை வருஷமா நீ ஒரு வார்த்தை கேக்கலையே.”

“என்னத்தைக் கேக்க? எல்லாரும் அம்மன் உன்கூட இருந்தா, அம்மன் உன்கூட இருந்தான்னு கொஞ்சுவாங்க. எனக்கு நீ கதவைச் சாத்திட்டுப் போனதுதான் ஞாபகம் வரும். கொஞ்ச நாள் உன்மேல கோபமாக்கூட இருந்தேன். இவரு எந்திரிச்சுப் போனதை மறைக்க அம்மனை உக்கார வெச்சிட்டாருன்னு.”

“மறைக்கத்தான் சொன்னேன்” என்றார் அவர். “ஆனா அந்த வார்த்தை ஏன் அப்படி வந்துச்சுன்னா... நான் விரலை உருவிட்டு வந்தேன்ல, அதான் வழியெல்லாம் அறுத்துக்கிட்டே இருந்துச்சு. நான் செய்யாம வந்ததை அவ செஞ்சான்னு சொல்லிட்டேன்.”

மகள் ரவிக்கையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, “நாளைக்குச் சொல்லிட்டா விரல்காரிங்கிற பேரு போயிடும். கடைக்குக் கூட்டம் குறையும்” என்றாள்.

“குறையும்.”

“குறையட்டும். தலைவர் வீட்டம்மா மூணு ரவிக்கையைக் குடுத்துட்டு மாசத்துக்கு ஒருதரம் அளவை மாத்துறாங்க. அவங்க ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாலே எனக்குப் பாதி பாரம் இறங்கும்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “தனியாப் போகாதே. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. தலைவர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். தலவரலாற்றைப் புத்தகமாக அச்சிட்டு, கட்டுக்கட்டாக நுழைவாயிலில் அடுக்கியிருந்தார். அட்டையில் ஒரு குழந்தையின் உள்ளங்கை. காய்ச்சல் குழந்தைகளோடு வந்த தாய்மார்களின் வரிசை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. சிற்பி தூணோரமாகக் கைகட்டி நின்றார்.

பூக்கட்டுபவர் அம்மனின் இடக்கையைப் பிடித்தார். அத்தனை வருடமும் மாலை சாத்தியவர், அந்தக் கையை மட்டும் தொடாமலே சாத்தப் பழகியிருந்தார். மொட்டைக் கல் தாம் நினைத்திருந்ததைவிட மிருதுவாக இருந்தது. மகள் ஓரடி பின்னால் நின்றாள்.

“இந்த விரலை அம்மன் குடுக்கலை. என் செம்பு விழுந்து உடைஞ்சது. பயந்துபோய்க் கதை சொன்னேன். கனவு ஒண்ணும் வரலை. அன்னைக்கு என் பொண்ணு பிடிச்சிருந்தது என் விரல். அதையும் நான் உருவிட்டுத்தான் வந்தேன்.”

பூசாரி தட்டில் எரிந்த கற்பூரத்தைப் பார்த்தபடியே நின்றார். அது தானாக அணைந்தது. தலைவர்தான் முதலில் பேசினார்.

“ஏன்யா, எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டு முப்பது வருஷமா வாசல்ல உக்காந்து பூக்கட்டினியா? நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் அழுது அழுது சொல்லியிருக்கேனே.” அவருடைய கோபத்தின் அடியில் இருந்தது அந்த அழுகைதான். அதைத் திரும்ப வாங்க வழியில்லை.

வரிசையில் முதலாவதாக நின்ற பெண் ஒரு குழந்தையை வைத்திருந்தாள். சென்ற மாதம் மூத்ததைக் கொண்டுவந்தவள், இப்போது இளையது. முன்னே போவதா திரும்பிப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஐயா, என் பெரியவன் இந்தக் கல்லைப் பிடிச்ச அன்னைக்குத்தானே காய்ச்சல் இறங்குச்சு? அது யாரால?” என்று கேட்டாள். சண்டைக்கு அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா. நான் உடைச்சது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

அவள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். பிறகு முன்னே வந்து, குழந்தையின் கையை எடுத்து வழக்கம்போல் கல்லின்மேல் வைத்தாள். அவள் பின்னால் நின்றவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வெளியேறினார்கள். சிற்பி, சொன்னபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “அப்ப புதுச் சிலைதான். கல்லு பாக்கறேன்” என்று தலைவரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மறுநாளிலிருந்து பூவுக்கு வேறு ஆள் என்று தலைவர் அறிவித்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை தாமே கட்டுவதாகப் பூசாரி முன்வந்தார். முதல் நாள் மாலை தீபாராதனையின் நடுவில் அவிழ்ந்து அம்மனின் காலடியில் கொட்டியது. இரண்டாம் நாள் அவிழவில்லை. ஆனால் அதை மாலை என்று யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தலைவர் தையற்கடையின் வாசலில் வந்து நின்று, உள்ளே பார்க்காமல், “உங்கப்பாவை வரச் சொல்லும்மா. அம்மனுக்குக் கழுத்து வெறுமையா இருக்கு” என்றார்.

“அளவு குடுக்க உங்க வீட்டம்மாவையும் வரச் சொல்றீங்களா?”

“அவ இன்னும் கோபமா இருக்கா. நானும்தான்” என்றார் தலைவர். ஆனாலும் போகாமல் சற்று நின்றார். “உன் உள்ளங்கையைக் காட்டு.” அவள் காட்டினாள். அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போய்விட்டார்.

பூக்கட்டுபவர் தம் பலகைக்குத் திரும்பினார். சிலர் அவரிடம் பேசவில்லை. அதுவும் நியாயம் என்றே அவருக்குத் தோன்றியது. முன்பெல்லாம் புதிய தாய் ஒருத்தி கதையைக் கேட்டால் குனிந்துகொள்வார். இப்போது நிமிர்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

மூன்று மாதம் கழித்துச் சிற்பி ஆளனுப்பிப் பூக்கட்டுபவரை வரவழைத்தார். தகரக் கூரையிட்ட பட்டறை முழுவதும் வெண்புழுதி. புதிய அம்மன் முகமும் தோளும் முடிந்து, இடுப்புக்குக் கீழே இன்னும் கல்லாகவே நின்றாள். இடக்கை இருக்க வேண்டிய இடத்தில் காவிக்கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டிருந்தது.

“உக்காருங்க” என்று ஒரு கல்துண்டைக் காட்டினார் சிற்பி. “கண்ணைக்கூட முடிச்சிட்டேன், இந்தக் கைதான் ஓட மாட்டேங்குது. வாரத்துக்கு நாலு பேர் வர்றாங்க. தாய்மாருங்கதான். புது அம்மன்கிட்ட குழந்தை எதைப் பிடிக்கும்னு கேக்கறாங்க. நான் ஊனமாச் செதுக்க முடியாது. முழு விரலாச் செஞ்சா, வழக்கமா நாலு விரலும் ஒட்டித் தொடையோட சேர்ந்து நிக்கும். கை நுழையாது.”

“நான் என்னங்க சொல்றது? எனக்குக் கல்லு தெரியாது.”

“கல்லு எனக்குத் தெரியும். காய்ச்சல் குழந்தை பக்கத்துல மூணு நாள் உக்காந்தது நீங்கதான். விரலை எப்படி வெச்சிருந்தீங்க? காட்டுங்க.”

அவர் கூச்சத்தோடு இடக்கையைத் தொங்கவிட்டார். மூன்று விரல்கள் தளர்ந்து சேர்ந்திருக்க, சுண்டுவிரல் மட்டும் தானாக விலகி, லேசாக வளைந்து நின்றது. சிற்பி காவியை எடுத்து அதைப் பார்த்துப் பார்த்துக் கல்லில் ஒரு கோடு இழுத்தார்.

“இவ்வளவு விலகல் போதுமா?”

பூக்கட்டுபவர் எழுந்து வந்து பார்த்தார். “இன்னும் கொஞ்சம் கீழே வரணும். உடம்பு சரியில்லாத குழந்தை கையைத் தூக்காது. தோள்ல படுத்துக்கிட்டு, தொங்கவிட்ட கையாலதான் பிடிக்கும்.”

சிற்பி கோட்டை அழித்து ஓர் அங்குலம் இறக்கிப் போட்டார். தள்ளி நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டார். “அழகாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இப்படித் தனியா நிக்கிற விரல் பலம் இல்லாதது. என்னைக்காவது உடையும்.”

“உடைஞ்சா, உடைஞ்சதுன்னு சொல்லிடலாங்க” என்றார் பூக்கட்டுபவர்.

சிற்பி உளியை எடுத்தார்.